சாந்திவனத்தில் மூன்று நாட்கள்

"ஞானொடுக்கம்" என்ற சொல்லை நம் பாட்டிமார் நன்கு அறிவர். வெளியுலகக் கவலைகளை ஒதுக்கி, புலன்களை ஒடுக்கி, இறைவனோடு தனித்திருத்தல் என்பது அதன் பொருள். நாம் இன்று அதைத் தியானம் என்கிறோம். ஆண்டுதோறும் நம் பள்ளியில் நடைபெறும் தியானத்தில் குருவானவர் பேசுவார், நாம் கேட்போம். பேசுபவர் இல்லாத தியானமும் உண்டு என்பதைச் சென்ற கோடை விடுமுறையில் பெற்றோருடன் சாந்திவனம் சென்றபோது அறிந்தேன்.

திருச்சியிலிருந்து கரூர் செல்லும் வழியில், குளித்தலைக்கு அருகே தண்ணீர்ப்பள்ளி என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்கே காவிரியின் தென்கரையில், தென்னஞ்சோலை நடுவே அமைந்துள்ளது இவ்வாசிரமம். இதன் முழுப்பெயர் சச்சிதானந்த ஆசிரமம். சத், சித், ஆனந்தம் என்றால் இருப்பு, அறிவு, பேரின்பம். நிறுவியவர்கள் இம்மூன்றிலும் பிதா, சுதன், பரிசுத்த ஆவியைக் கண்டார்கள்.

கோவிலுக்கும் நம் ஊர்க் கோபுரமே. உள்ளே சிறு விளக்கெரியும் இருண்ட கருவறை. பெஞ்சுகள் இல்லை, அனைவரும் தரையில்தான் அமர வேண்டும். காலை, நண்பகல், மாலை என மூன்று வேளை பொதுச் செபம். சங்கீதங்களோடு உபநிடதமும் வாசிக்கப்படும். மாலையில் மாணிக்கவாசகர் போன்ற பக்தர்களின் தமிழ்ப் பாடல்களும் இடம்பெறும். காலையில் சந்தனம் தருவார்கள். அதன் மணம் இறையருளைக் குறிக்கிறது. நண்பகலில் புருவ மத்தியில் குங்குமம், அது அகக்கண். மாலையில் திருநீறு, மாசெல்லாம் எரிந்தபின் எஞ்சுவது.

என் தாயார் முதல் நாள் குங்குமம் வாங்கவில்லை. "நாம் வேதக்காரர்கள் அல்லவா?" என்று தந்தையிடம் மெல்லக் கேட்டார். யாரும் வற்புறுத்தவில்லை. மாலையில் திருநீறு வந்தபோது மட்டும் சற்றுத் தயங்கி, நெற்றியைக் காட்டினார். திருநீற்றுப் புதனன்று நாம் பூசிக்கொள்வதுதானே! என் தாயாரின் கேள்வியைக் கேட்ட கத்தோலிக்கர் பலர். இந்துக்களிலும் இதை விரும்பாதோர் உண்டு. ஆயினும் தரையில் அமர்தல், கைகூப்புதல், ஆரத்தி முதலிய 12 வழிபாட்டு முறைகளுக்கு 1969-ல் உரோமையே அனுமதி அளித்திருக்கிறது.

அமைதி என்றால் சும்மா இருப்பது என்று எண்ணிச் சென்றேன். அங்கோ விருந்தினரும் சேர்ந்து காய் நறுக்க வேண்டும். புனித ஆசீர்வாதப்பரின் வழியில் செபமும் உழைப்பும் இணைந்தே செல்லும். சூரியன் எழும்போதும் மறையும்போதும் மௌன தியானம். முதல் நாள் என் மனம் கணிதப் பரீட்சையையே சுற்றிச் சுற்றி வந்தது. இரண்டாம் நாளில்தான் அணில் ஓடும் சத்தமும், தென்னை ஓலை உரசும் சத்தமும் காதில் விழத் தொடங்கின. அவை முதல் நாளும் இருந்திருக்கத்தான் வேண்டும்!

இந்த அமைதியை நமக்கு விட்டுச் சென்றவர்களின் வரலாறு மிகவும் துயரமானது. 1939-ல் பிரான்சிலிருந்து வந்த மொன்ஷானின் அடிகளாரும், 1948-ல் வந்த ஆசீர்வாதப்பர் சபைத் துறவி ஹென்றி லெ சோவும் 1950 மார்ச் 21-ல் இதைத் தொடங்கினார்கள். பின்னவரே அபிஷிக்தானந்தர். காவியுடுத்தி, குடிசையில் வாழ்ந்து, சீடர்களுக்காகக் காத்திருந்தார்கள். வந்தவர் எவரும் நிலைக்கவில்லை. 1957-ல் மொன்ஷானின் நோயுற்று, சிகிச்சைக்காகச் சென்ற பாரிஸில் காலமானார். தம் கனவு பலித்ததை அவர் காணவே இல்லை. அபிஷிக்தானந்தர் 1968-ல் ஆசிரமத்தை ஒப்படைத்துவிட்டு இமயமலைப் பக்கம் சென்றார். அதே ஆண்டு கேரளத்துக் குரிசுமலையிலிருந்து பீட் கிரிஃபித்ஸ் அடிகளார் வந்த பிறகே சாந்திவனம் தழைத்தது. பல நாட்டினரும் நாடி வந்தனர். அவர் 1993-ல் இங்கேயே இறைவனடி சேர்ந்தார்.

பதினெட்டு ஆண்டுகள் ஆளில்லாத கோவிலில் மூன்று வேளையும் செபித்தவர்களை நினைத்துப் பாருங்கள். என் தந்தை இதைக் கேட்டபின் வெகு நேரம் ஆற்று மணலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தங்க விரும்புவோர் முன்னதாகத் தெரிவித்துவிட்டுச் செல்வது நல்லது. சைவ உணவுதான், தரையில் அமர்ந்து, பேசாமல் உண்ண வேண்டும். காய் நறுக்கத் தெரிந்திருந்தால் இன்னும் நல்லது.