வாய்க்காலிலிருந்து தொடங்கும் திரைக்கதை
மாக் மண்டினில் படமெடுக்கத் தொடங்கும் இளம் இயக்குநருக்கு

திரைக்கதையில் அன்றாட மகிழ்ச்சி என்பது தடைபடாத வழக்கம். காலையில் பசியாறிவிட்டு வேலைக்குப் போவது, மழை எவ்வளவு பெய்தாலும் வீட்டுக்குள் தண்ணீர் புகாமலிருப்பது, ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்குப் பந்து விளையாடத் திடல் கிடைப்பது எல்லாம் அதில் அடங்கும். அந்த வழக்கம் நீடிக்குமா நின்றுபோகுமா என்பதை யார் தீர்மானிக்கிறார் என்ற கேள்வியே உள்ளூர் அரசியல். மலையாள சினிமாவின் நல்ல படங்கள் இவ்விரண்டையும் ஒரே கதையாகப் பார்க்கின்றன. பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்தின் தொழிற்பேட்டைப் பகுதியான மாக் மண்டினில் கேமராவைக் கையிலெடுக்கும் இளம் தமிழ் இயக்குநர் அந்த சினிமாவிடம் முதலில் கற்க வேண்டியது இந்தப் பார்வையைத்தான். மழை நனைந்த பச்சை நிறமும் நிதானமான நடையும் கேரளத்து மண்ணோடு வந்தவை. அவற்றை மட்டும் பெயர்த்தெடுத்து வருவதால் பயனில்லை.

அந்தப் பார்வைக்குப் பின்னால் நீண்ட ஏற்பாடு ஒன்று இருந்தது. 1945இல் பி.என். பணிக்கர் திருவிதாங்கூரின் 47 நூலகங்களைச் சேர்த்துத் தொடங்கிய கிரந்தசாலை இயக்கம் சிற்றூர்களிலும் வாசிப்பைப் பரப்பியது. 1965இல் அடூர் கோபாலகிருஷ்ணனும் நண்பர்களும் திருவனந்தபுரத்தில் சித்திரலேகா திரைப்படச் சங்கத்தைத் தொடங்கினர். அதன் வழியில் பல ஊர்களில் சங்கங்கள் முளைத்து, உலகப் படங்களைப் பார்த்துப் பழகிய ரசிகர்களை உருவாக்கின. அரசியலும் வீட்டு வாசல்வரை வந்தது. 1994ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்துக்கும் 1996இல் தொடங்கிய மக்கள் திட்டத்துக்கும் பிறகு, மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சி அமைப்புகளின் கைக்குப் போனது. எந்தச் சாலைக்கு எவ்வளவு செலவு என்பது தேநீர்க் கடையில் பேசும் விஷயமாயிற்று. இளம் இயக்குநர் வியக்கும் வசனங்கள் பலவற்றுக்கும் அந்தப் பேச்சே மூலம்.

உள்ளூர் அரசியலைக் கையாண்ட மலையாளப் படங்களில் மூன்றை வரிசையாகப் பார்ப்பது பயன் தரும். கே.ஜி. ஜார்ஜின் 'பஞ்சவடிப் பாலம்' 1984இல் வந்தது. நன்றாக இருக்கும் பாலத்தை இடித்துவிட்டு, பெயருக்கும் பணத்துக்குமாகப் புதிய பாலம் கட்டும் ஊராட்சித் தலைவரின் கதை அது. எல்லாப் பாத்திரங்களும் ஊதிப் பெருக்கிய கேலிச்சித்திரங்களாக வருகின்றன. 1991இல் சீனிவாசன் எழுதி சத்யன் அந்திக்காடு இயக்கிய 'சந்தேசம்' அரசியலை வீட்டுக்குள் கொண்டுவந்தது. ரயில்வே பணியிலிருந்து ஓய்வு பெற்று ஊர் திரும்பும் தந்தை, எதிரெதிர்க் கட்சிகளில் கிடந்து மோதும் இரண்டு மகன்களைக் காண்கிறார். கட்சியின் பெயரில் வீட்டின் நிம்மதி எப்படிக் கரைகிறது என்பதே படம். 2022இல் ரதீஷ் பாலகிருஷ்ண பொதுவாள் இயக்கிய 'ன்னா தான் கேஸ் கொடு' இன்னும் கீழே இறங்கிச் சாலைக் குழி ஒன்றுக்கு வந்துவிட்டது. திருட்டை விட்டுத் திருந்தி வாழும் ஒருவன், தன்மேல் விழுந்த பழிக்கு அந்தக் குழியே காரணம் என்று சொல்லிப் பொதுப்பணித் துறை அமைச்சரையே நீதிமன்றத்துக்கு இழுக்கிறான். பாலம், வீடு, குழி என்று பொருள் சிறுத்துக்கொண்டே வந்தது, அரசியல் சிறுக்கவில்லை.

மகிழ்ச்சியைக் காட்டும் படங்களிலும் இந்தக் கவனத்தைக் காணலாம். திலீஷ் போத்தனின் 'மகேஷின்டெ பிரதிகாரம்' (2016) இடுக்கிச் சிற்றூர் ஒன்றில் போட்டோ ஸ்டுடியோ நடத்துபவனின் நாட்களைப் பொறுமையாக அடுக்குகிறது. அந்த நாட்கள் பார்வையாளருக்குப் பழகிய பிறகே தெருச் சண்டையில் அவனுக்கு நேரும் அவமானம் வருகிறது. அதனால்தான் அது வலிக்கிறது. சக்கரியாவின் 'சுடானி ஃப்ரம் நைஜீரியா' (2018) மலப்புறத்தின் எழுவர் கால்பந்தில் விளையாட வந்த ஆப்பிரிக்க இளைஞன் ஒரு வீட்டுப் பிள்ளையாவதைச் சொல்கிறது. ஜியோ பேபியின் 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' (2021) இதே பொருளை மறுபக்கத்திலிருந்து காட்டியது. வீட்டிலுள்ள ஆண்களின் அமைதியான காலைப் பொழுது, ஒரு பெண் ஓயாமல் அரைத்து, சமைத்து, துடைத்துக் கழுவுவதால் கிடைப்பது என்பதை அந்த வேலைகளைத் திரும்பத் திரும்பக் காட்டியே நிறுவியது. மகிழ்ச்சியான காட்சி எதை எழுதும்போதும் அதற்கு உழைத்தவர் யார் என்று கேட்பது திரைக்கதையாளரின் கடமை. மாக் மண்டினில் அந்தக் கேள்வி சமையலறையோடு நிற்காது. இரவு ஷிப்ட் முடிந்து வருபவரையும் தொடும்.

இந்தக் கதைகளை அப்படியே பினாங்குக்குக் கொண்டுவர முடியாது என்பதற்கு அரசியல் காரணம் உண்டு. கேரளத்தில் வார்டு உறுப்பினரை மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். மலேசியாவில் உள்ளாட்சி உறுப்பினரை மாநில அரசு நியமிக்கிறது. இது எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1951 டிசம்பரில் ஜார்ஜ் டவுன் நகராட்சிக்கு நடந்த தேர்தல் மலாயாவின் முன்னோடித் தேர்தல்களில் ஒன்று. 1957 ஜனவரி 1 அன்று ஜார்ஜ் டவுன் மாநகராக உயர்ந்தபோது, தொழிலாளர் கட்சியைச் சேர்ந்த டி.எஸ். ராமநாதன் அதன் முதல் மேயரானார். ஜார்ஜ் டவுனில் ஒரு சாலைக்கு இன்றும் அவர் பெயர் இருக்கிறது. இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி 1965இல் உள்ளாட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன; 1976ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் அவற்றை அடியோடு நீக்கியது. 2012இல் பினாங்கு சட்டமன்றம் தேர்தலை மீட்கச் சட்டம் இயற்றியும், 2014இல் கூட்டரசு நீதிமன்றத்தில் அந்த முயற்சி தோற்றது. மாக் மண்டின் அடங்கியுள்ள செபராங் பிறை 2019இல் மாநகரானது. அதன் உறுப்பினர்களும் நியமனம் பெற்றவர்களே.

இந்த வேறுபாடு கதையின் வடிவத்தையே மாற்றுகிறது. கேரளக் கதையை நகர்த்துவது வாக்குவாதம். பினாங்குக் கதையை நகர்த்துவது அலைச்சல். வாய்க்கால் அடைத்துக்கொண்டால் மாக் மண்டின்வாசி வாக்கைக் காட்டி யாரையும் மிரட்ட முடியாது. அவர் மாநகர் மன்றத்துக்குப் போகிறார். அது வடிகால் துறைக்கு உட்பட்டதாக இருக்கலாம் என்று திருப்பி அனுப்பப்படுகிறார். கடைசியில் சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்தில் மனுவோடு வரிசையில் உட்காருகிறார். அங்கே காத்திருக்கும் நேரத்தில் பேசப்படும் பேச்சு, அழைத்துப் போகும் கட்சிக்காரரின் தோரணை, வேலை நடந்த பிறகு எடுக்கும் புகைப்படத்தில் யார் நடுவில் நிற்பது என்ற போட்டி ஆகியவற்றை எழுதக் கேரளத்து முன்மாதிரி தேவையில்லை. சட்டமன்ற உறுப்பினர் வாய்க்காலுக்கும் தெருவிளக்குக்கும் பதில் சொல்லும் நிலையை, உள்ளாட்சித் தேர்தல் இல்லாமையின் விளைவாகவே படம் காட்ட வேண்டும். தனி மனிதரின் நல்ல குணமாகவோ கெட்ட குணமாகவோ காட்டினால் பொருள் நழுவிவிடும்.

வாக்களிப்பு முற்றிலும் மறைந்துவிடவில்லை, இடம் மாறியிருக்கிறது. 2013ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி பிளாட் உரிமையாளர்கள் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தங்கள் நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பராமரிப்புக் கட்டணம் கட்டாதவர் யார், பழுதான லிஃப்டுக்குப் பணம் எங்கே என்ற சண்டைகள் அங்கே நடக்கின்றன. கோயில் நிர்வாகம், தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம், கூட்டுறவுச் சங்கம் ஆகியவற்றின் பொதுக்கூட்டங்களில் மலேசியத் தமிழர் காட்டும் தேர்தல் வேகத்துக்கு எந்தக் கட்சித் தேர்தலும் ஈடாகாது. 'சந்தேசம்' போன்ற ஒரு கதை மாக் மண்டினில் பிறக்குமானால், அதன் களம் கட்சி அலுவலகமாக இருக்க வாய்ப்பு குறைவு. ஒரே கோயிலின் இரு அணிகளில் நிற்கும் அண்ணன் தம்பி வீடாகவே பெரும்பாலும் இருக்கும்.

களத்தின் வரலாற்றையும் இயக்குநர் அறிந்திருக்க வேண்டும். மாக் மண்டின் 1960களில் பினாங்கு மாநிலத்தின் தொடக்கக்காலத் தொழிற்பேட்டைகளில் ஒன்றாக உருவானது. பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலைகளுக்காக 1972இல் தடையற்ற வர்த்தக மண்டலம் வருவதற்கு முந்தைய காலம் அது. அதன்பின் வந்த பல ஆண்டுகளில் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் போக, மலேசியாவெங்கும் தமிழ்க் குடும்பங்கள் தொழிற்சாலை வேலையையும் நகர்ப்புறக் குடியிருப்பையும் தேடி வந்தன. இன்று அதே வேலைகளில் நேப்பாளம், வங்காளதேசம், மியன்மார் நாட்டவர் நிறையப் பேர் இருக்கிறார்கள். தோட்டத்திலிருந்து வந்தவரின் பேரனும் நேற்று விமானத்தில் இறங்கியவரும் ஒரே வரிசையில் பஞ்ச் கார்டு போடும் இடம், மலப்புறத்துக் கால்பந்துத் திடலுக்கு இணையான கதைக்களம். 2017 நவம்பர் 4, 5 தேதிகளின் பெருவெள்ளம் பினாங்குத் தீவையும் செபராங் பிறையையும் சேர்த்தே மூழ்கடித்தது. வாய்க்காலை யார் பராமரிப்பது என்ற கேள்வி அலுவலகச் சிக்கலாக மட்டும் நிற்காது என்பதற்கு அந்த இரண்டு நாட்களே போதும்.

இத்தகைய கதைகளுக்கு இங்கே முன்னோர் இல்லாமலும் இல்லை. 1929இல் ஜார்ஜ் டவுனில் பிறந்த மலாய்த் திரைக்கலைஞர் பி. ரம்லி, 1955இல் ரிக்ஷாக்காரரின் வாழ்வை வைத்து 'பெனாரேக் பெச்சா'வை இயக்கினார். 1957இல் வந்த 'புஜாங் லாபோக்', வாடகை அறைகளில் ஒண்டிக் குடித்தனம் நடத்தும் மூன்று கட்டைப் பிரம்மச்சாரிகளின் கையில் காசில்லாத சிரிப்பைத் திரையில் நிலைக்க வைத்தது. ரம்லியை முதன்முதலில் கதாநாயகனாக்கிய 'பக்தி' (1950) படத்தை இயக்கியவர் எல். கிருஷ்ணன் என்னும் தமிழர். மலேசியத் தமிழ்ப் படங்களில் தீபக் குமாரன் மேனனின் 'செம்மண் சாலை' (2005), படிக்க விரும்பும் தோட்டத்துப் பெண்ணின் கதையைச் சொன்னது. சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' (2015), தோட்டத்தை விட்டு வந்த குடும்பத்துச் சிறுவன் குண்டர் கும்பலின் நிழலில் வளர்வதைக் காட்டி, 2016இல் 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியத் திரைப்பட விருதைப் பெற்றது. தோட்டமும் தோட்டத்தை இழந்ததும் இப்படி ஓரளவு சொல்லப்பட்டுவிட்டன. தொழிற்பேட்டையில் ஊன்றிக்கொண்ட இரண்டாம், மூன்றாம் தலைமுறையின் நாள் இன்னும் அதிகம் சொல்லப்படாதது.

வேலைமுறையில் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது பேச்சு. மலையாளப் படங்கள் காசர்கோட்டுக்கும் திருச்சூருக்கும் கோட்டயத்துக்கும் வெவ்வேறு பேச்சைக் கொடுத்தன. மாக் மண்டின் தமிழில் மலாயும் ஹொக்கியனும் தாமாக வந்து கலக்கும். அதைச் சென்னைப் படத் தமிழாக்கினால் பாத்திரம் பொய்யாகும். இரண்டாவது நடிகர் தேர்வு. லிஜோ ஜோஸ் பெல்லிசேரி 'அங்கமாலி டைரிஸ்' (2017) படத்தில் 86 புதுமுகங்களை நடிக்க வைத்தார். 'ன்னா தான் கேஸ் கொடு'வில் நீதிபதியாக நடித்த பி.பி. குஞ்ஞிகிருஷ்ணன் ஓய்வு பெற்ற ஆசிரியர், ஊராட்சி உறுப்பினரும்கூட. அந்த வேடத்துக்குக் கேரள அரசின் குணச்சித்திர நடிகர் விருது கிடைத்தது. 'சுடானி'யின் தாய்மார்களான சாவித்திரி ஸ்ரீதரனும் சரசா பாலுசேரியும் கோழிக்கோட்டு நாடக மேடையிலிருந்து வந்தவர்கள். பொதுக்கூட்டத்தில் ஒலிபெருக்கியைக் கைவிடாத செயலாளரும் பள்ளி ஆண்டுவிழாவில் நாடகம் போடும் ஆசிரியையும் மாக் மண்டினிலும் கிடைப்பார்கள். மூன்றாவது வரிசை. வழக்கமான நாளை முதலில் முழுமையாகக் காட்டிவிட்டு, பிறகே அதைக் குலைக்கும் முடிவைக் கொண்டுவர வேண்டும். புகாரோடு தொடங்கும் படம் துண்டறிக்கையாகிவிடும்.

பணத்துக்கும் திரையிடலுக்கும் மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாமின் வழி இன்றும் படிக்கத் தக்கது. அவரும் ஒடேசா கூட்டமைப்பினரும் ஊர் ஊராகப் போய்ப் படம் காட்டி, மக்களிடம் சிறு தொகைகளாகத் திரட்டிய பணத்தில் 'அம்மா அறியான்' (1986) எடுத்தார்கள். அதை மலேசியாவில் பின்பற்றுவோர் சட்டத்தை அறிந்தே இறங்க வேண்டும். தயாரிப்புக்கு, 1981இல் அமைந்த தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகமான பினாஸின் விதிகள் உண்டு. 2002ஆம் ஆண்டின் தணிக்கைச் சட்டம் சான்றிதழ் இல்லாத திரையிடலைக் குற்றமாக்குகிறது. இலங்கைப் போரின் இறுதிக் கட்டத்தைப் பற்றிய 'நோ ஃபயர் ஸோன்' ஆவணப்படத்தை 2013இல் கோலாலம்பூரில் திரையிட்டதற்காகச் செயற்பாட்டாளர் லீனா ஹென்ட்ரி குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டு, 2017இல் அவருக்கு 10,000 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. 2003 முதல் நடந்துவரும் ஃப்ரீடம் ஃபிலிம் ஃபெஸ்ட் போன்ற விழாக்கள், சமூகப் படங்களை எடுக்கத் தொடங்குவோருக்கு வழிகாட்டுதலும் மேடையும் தருகின்றன.

படம் முடிந்ததும் சான்றிதழ் பெற்று, மாக் மண்டின் மக்களுக்கே முதலில் காட்டுவது முறை. வெளியூர் விழாவில் கிடைக்கும் கைதட்டல் படத்தின் திறத்தைச் சொல்லும். அதன் உண்மையைச் சொல்லக்கூடியவர்கள், எந்த வாய்க்கால், எந்தச் சேவை மையம், எந்தப் பொதுக்கூட்டம் என்று அடையாளம் கண்டுகொள்ளும் உள்ளூர்க்காரர்கள். அவர்கள் பிழை சொல்லும் இடங்களைப் படத்தொகுப்பில் திருத்தக் கால அவகாசம் ஒதுக்கியே தயாரிப்புத் திட்டத்தை வகுக்க வேண்டும். திருத்தத்துக்குப் பின் படத்தை மறுபடியும் தணிக்கைக்கு அனுப்ப வேண்டியிருக்கும் என்பதால், அந்தச் செலவையும் தொடக்கத்திலேயே கணக்கில் சேர்ப்பது நல்லது.