மகளின் பிரெஞ்சுப் பாடத்துக்குப் படக்கதை உதவுமா?

கேள்வி: பாரீஸ் பக்கத்தில் இருக்கும் என் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தோம். அங்கே தலை நரைத்தவர்கள்கூட கெட்டி அட்டை போட்ட படக்கதைப் புத்தகங்களை ஆசையாக உட்கார்ந்து படிக்கிறார்கள். புத்தகக் கடைகளில் அதற்கென்றே தனிப் பகுதி. ஆஸ்டெரிக்ஸ், டின்டின் என்று சிலவற்றை வாங்கி வந்தோம். ஒன்பதாம் வகுப்பில் பிரெஞ்சு எடுத்திருக்கும் மகள் நாலு பக்கம் புரட்டிவிட்டு, புரியவில்லை என்று வைத்துவிட்டாள். "காமிக்ஸ் படித்தால் மார்க் வருமா?" என்கிறார் கணவர். இதனால் படிப்புக்குப் பலன் உண்டா?
– ஒரு வாசகி, காட்டேரிக்குப்பம்

பதில்: பலன் நிச்சயம் உண்டு. தொடங்கிய புத்தகம்தான் உங்கள் மகளுக்கு ஒத்துவரவில்லை.

1959இல் 'பிலோத்' பத்திரிகையில் ஆரம்பித்த ஆஸ்டெரிக்ஸ், பெரியவர்களையும் சேர்த்துச் சிரிக்க வைக்கும் கதை. பக்கத்துக்குப் பக்கம் சிலேடை. போதாக்குறைக்கு, கப்பல் மூழ்கும்போதெல்லாம் கிழட்டுக் கொள்ளையன் ஒருவன் லத்தீன் பழமொழி வேறு சொல்வான். பிரெஞ்சே புதிதாக இருக்கும் பிள்ளை என்ன செய்யும்? நீங்கள் பார்த்த பெரியவர்கள் சின்ன வயதிலிருந்தே இதில் ஊறியவர்கள். படக்கதையை 'ஒன்பதாவது கலை' என்று கொண்டாடும் ஊர் அது. அங்குலேம் நகரில் 1974இல் அதற்கென்றே ஒரு விழாவைத் தொடங்கினார்கள்.

மகளுக்கு முதலில் 'துகோபு' வாங்கிக் கொடுங்கள். ஸித்ரூ எழுதி கொதி வரைந்த தொடர். முதல் ஆல்பம் 1997இல் வந்தது. பெரும்பாலும் ஒரு பக்கத்துக்கு ஒரு கதை. மஞ்சளும் கறுப்புமாய்ப் பட்டை போட்ட சட்டைக்காரப் பையன் துகோபு, பக்கத்தில் உட்காரும் லெயோனியைப் பார்த்துக் காப்பியடிப்பான். வாத்தியார் லாதூஷிடம் மாட்டிக்கொள்வான். கணக்கு, டிக்டேஷன், தண்டனை என்று எல்லாம் வகுப்பறைச் சொற்கள். பாதிக்கு மேல் அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

படிக்கும் முறை முக்கியம். முதல் தடவை அகராதியைத் தொடவேண்டாம். படத்தை மட்டும் பார்த்து, என்ன நடக்கிறது என்று தமிழில் உங்களிடம் சொல்லட்டும். அடுத்து வசனத்தை வாய்விட்டுப் படிக்கட்டும். கடைசிக் கட்டத்தின் வசனப் பலூன் மேல் மட்டும் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டிவிடுங்கள். துகோபு என்ன சொல்லியிருப்பான் என்று அவளே பிரெஞ்சில் ஒரு வரி எழுதியபின் காகிதத்தை எடுக்கலாம். முடிவில் அந்தக் கதையை இறந்தகாலத்தில் நாலு வரி எழுதச் சொல்லுங்கள். கணவர் கேட்கும் மார்க் அங்கேதான் இருக்கிறது. பலூனில் பெரும்பாலும் நிகழ்காலத்தில் இருப்பதை 'பாஸே கொம்போஸே' என்ற இறந்தகாலத்துக்கு மாற்றுவது நல்ல இலக்கணப் பயிற்சி.

ஒரு எச்சரிக்கை. பலூனுக்குள் இருப்பது பேச்சு வழக்கு. எனக்குத் தெரியாது என்பதற்குப் பாடநூல் 'ஜ் ந் சே பா' என்று எழுதச் சொல்லும். பலூனில் நடுவிலுள்ள 'ந்' விழுந்து 'ஜ் சே பா' என்றே வரும். பரீட்சையில் அதை விட்டால் மார்க் போகும். எழுத்துகளும் பல ஆல்பங்களில் முழுக்க கேப்பிட்டலில் இருக்கும். சிலவற்றில் எழுத்தின் மேல் வரும் குறிகள் விடுபட்டிருக்கும். ஆகவே எழுதும்போது பாடநூலே கணக்கு.

இன்னொரு வழியும் உண்டு. மோரிஸ் 1946இல் உருவாக்கிய லக்கி லூக்கின் பல கதைகளைச் சிவகாசி லயன் காமிக்ஸ் தமிழில் வெளியிட்டிருக்கிறது. ஒரே கதையைத் தமிழிலும் பிரெஞ்சிலும் தேடிப் பிடியுங்கள். தமிழில் படித்து முடித்தவளுக்குப் பிரெஞ்சு வசனம் பாதி தானாகவே விளங்கும்.

புது ஆல்பத்துக்கு யூரோவில் காசு கொடுத்துக் கட்டுப்படியாகாது. பிரான்ஸில் வீட்டுப் பழைய சாமான்களைத் தெருவில் பரப்பி விற்கும் சந்தைகளில் ஆல்பங்கள் மலிவாகக் கிடைக்கும். அடுத்த முறை வரும்போது வாங்கி வரும்படி சித்தப்பாவிடம் சொல்லிவையுங்கள். புதுச்சேரிக்குப் போனால் சூஃப்ரன் வீதி அலியான்ஸ் பிரான்சேஸில், உறுப்பினர் ஆவது பற்றியும் ஆல்பங்கள் இரவல் கிடைக்குமா என்றும் விசாரியுங்கள்.

நீங்கள் வாங்கி வந்தவை வீண் இல்லை. துகோபு இரண்டு ஆல்பம் முடிந்ததும் டின்டின் தொடங்கலாம். அதில் 'திபெத்தில் டின்டின்' நல்ல தொடக்கம். டில்லி வழியாகப் போகும் கதை. ஆஸ்டெரிக்ஸ், பிளஸ் டூ வரை அலமாரியிலேயே இருக்கட்டும்.