நிலையாமையும் நல்லறமும்

செல்வம் நீங்கும்; இளமை கழியும்; உடல் அழியும். இவ்வுண்மையை உணர்த்தாத சமயம் இல்லை. பாடாத இலக்கியமும் இல்லை. ஆயின், உணர்ந்த பின் செய்யத்தக்கது யாது என்னும் வினாவிற்கு ஆன்றோர் கூறிய விடைகள் வேறுபடுகின்றன.

உரோமாபுரிப் புலவர் ஹொரேஸ் (கி.மு. 65 – கி.மு. 8), ஏழையின் குடிலுக்கும் அரசர் மாளிகைக்கும் மரணம் ஒருபடித்தாகவே வரும் என்றார், ஆதலின் நாளையை நம்பாது இன்றைய நாளை நுகர்க என்றார். அவருக்கு முற்பட்ட லுக்ரீஷியஸ், உடலோடு உயிரும் அழிதலால் சாவிற்கு அஞ்சுதல் வீண் என்றார்.

நம் சமண முனிவரர் கூறும் விடை வேறு. உடல் அழியினும் உயிர் அழிவதில்லை. தான் செய்த வினையைச் சுமந்து செல்கின்றது. எனவே இன்றைய நாள் நுகர்ச்சிக்கு மட்டும் உரியதன்று, அறத்திற்கு உரியது. 400 வெண்பாக்கள் கொண்ட நாலடியாரின் அதிகார வைப்பே இதனைக் காட்டும். செல்வம், இளமை, யாக்கை ஆகியவற்றின் நிலையாமையை முதல் மூன்று அதிகாரங்களில் கூறி, நான்காவதாக அறன் வலியுறுத்தலை அந்நூல் வைத்துள்ளது.

அவ்வதிகாரத்தில் வரும் கரும்பு உவமை, ஆலைக் கரும்பை நாளும் காணும் முண்டியம்பாக்கத்தார்க்கு நன்கு விளங்கும். உரிய காலத்தில் சாற்றைப் பிழிந்து வெல்லக்கட்டி எடுத்துக்கொண்டவர், எஞ்சிய சக்கை எரியும்போது வருந்துவதில்லை. அவ்வாறே, உடம்பால் ஆகும் அறப்பயனைக் கொண்டவர் கூற்றுவன் வருங்கால் கலங்குவதில்லை. உடம்பு இழிவெனத் தள்ளத்தக்கதன்று. பயன் கொள்ளத்தக்க கருவி என்பதே இதன் கருத்து.

இந்நெறியில் நின்றார்க்குச் சான்று நம் மாவட்டத்திலேயே உண்டு. செஞ்சிக்கு அண்மையில், தீர்த்தங்கரர் இருபத்துநால்வர் உருவங்களும் பாறையில் செதுக்கப்பெற்ற திருநாதர்குன்றில், 57 நாள் உண்ணாநோன்பு நோற்று உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகைக் கல்வெட்டு உள்ளது. அதன் எழுத்தமைதி ஏறத்தாழ கி.பி. 6ஆம் நூற்றாண்டினது என்பர். 30 நாள் நோற்ற இளையபட்டாரரைக் குறிக்கும் கல்வெட்டும் அங்குண்டு.

இது தற்கொலையாகாதோ எனச் சிலர் வினவுவர். 2015 ஆகஸ்டில் இராசத்தான் உயர்நீதிமன்றம் அவ்வாறே கருதித் தீர்ப்பளித்தது. அம்மாத இறுதியிலேயே உச்சநீதிமன்றம் அதனை நிறுத்திவைத்தது. நம் நூல்களின் விடை தெளிவானது. தீர்க்கவியலாத இடையூறு, வற்கடம், மூப்பு, பிணி ஆகியன நேர்ந்துழி, அறத்தைக் காத்தற்பொருட்டே சல்லேகனை என்பது சமந்தபத்திராசாரியர் அருளிய இரத்தினகரண்டகத்தின் துணிபு. வாழ விழைதலைப் போன்றே, விரைந்து சாக விழைதலும் அந்நோன்பிற்குக் குற்றமென்று அந்நூல் விலக்குகின்றது. வெறுப்பாலும் விரக்தியாலும் உயிரை மாய்ப்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

சந்திரநந்தியார் 57 நாளில் பெற்ற அமைதி, அந்நாள்களில் மட்டும் தோன்றியதன்று; முன்னரே பயின்ற ஒழுக்கத்தின் விளைவாகும். நம்மனோர்க்கு உரிய பயிற்சி சிறுவிரதங்களேயாம்: கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, பிறன்மனை நயவாமை, மிகுபொருள் விரும்பாமை. சாறு உள்ளபோதே பிழிந்துகொள்வோமாக.