படகுக்கு ஓர் உறை

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் திரங்கானு கரையோரத்தில் சிறு படகுகள் பல கரையேற்றப்படும். மழையிலிருந்து அவற்றைக் காப்பது கித்தான் உறை.

உறை தைப்பவர் உடனே துணியை வெட்டமாட்டார். ஒரே நீளமுள்ள படகுகளில்கூடக் கொக்கிகள் பெரும்பாலும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. ஆகவே, படகின்மேல் நெகிழித்தாளை விரித்து, விளிம்பையும் கொக்கிகளையும் அதில் குறித்துக்கொள்வார். அதை வைத்தே துணியை வெட்டுவார். தைப்பதற்குப் பாலியெஸ்டர் நூல்தான் ஏற்றது. பருத்தி நூல் ஈரத்தில் இற்றுப்போகும்.

பொருத்தும்போதுதான் பலர் தவறு செய்கிறார்கள். நடுவில் கழியொன்றை நிறுத்தி, உறையைக் கூரைபோல் சரிவாக இழுத்துக் கட்டவேண்டும். தட்டையாகக் கட்டினால் மழைநீர் தேங்கும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் 10 சென்டிமீட்டர் ஆழத்திற்கு நீர் நின்றால், அதன் எடை 100 கிலோகிராம்! தையல் பிரியும், படகுக்குள் நீர் நிறையும். முற்றிலும் மூடிவிடவும் கூடாது. காற்றுப் போக இடைவெளி இல்லையென்றால் உள்ளே பூஞ்சை பிடிக்கும்.