நிழல்களிலிருந்து உருவம்: திருத்தத் திருத்தத் தெளியும் கணக்கு

யானிலிருந்து பார்க்கும்போது ஜெராய் மலைக்கு ஒரு வடிவம்; குரூணிலிருந்து பார்த்தால் வேறு வடிவம். ஒரு பக்கம் மட்டுமே பார்த்தவரால் மலையை முழுமையாக வரைய முடியுமா?

எலெக்ட்ரான் டோமோகிராபியின் சிக்கலும் இதுதான். உயிரணுவின் மெல்லிய துண்டை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்து, சிறிது சிறிதாகச் சாய்த்துப் பல படங்கள் எடுக்கிறார்கள். ஒவ்வொன்றும் ஒரு நிழல் போன்றது. அவற்றிலிருந்து முப்பரிமாண உருவத்தைக் கணினி மீட்டெடுக்க வேண்டும்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பணியாற்றிய ஜி.என். இராமச்சந்திரனும் ஏ.வி. லட்சுமிநாராயணனும் 1971இல் இதற்கு ஒரு நேரடிக் கணக்கு முறையைத் தந்தனர். அவர்கள் பெயரால் 'ராம்-லாக்' வடிகட்டி இன்றும் வழங்குகிறது. 1970இல் கார்டன், பெண்டர், ஹெர்மன் ஆகியோர் இன்னொரு வழியைக் காட்டியிருந்தனர்: ஊகி, ஒப்பிடு, திருத்து, மீண்டும் செய்.

ஓர் எடுத்துக்காட்டு

நான்கு கட்டங்கள். மேலே 1, 4. கீழே 2, 3. இவை நமக்குத் தெரியாது. கூட்டுத்தொகைகள் மட்டுமே தெரியும். கிடைவரிசைகள் 5, 5. நெடுவரிசைகள் 3, 7.

எல்லாம் 0 எனத் தொடங்குவோம். கிடைவரிசைக்கு 5 வேண்டும். சமமாகப் பகிர்ந்தால் ஒவ்வொரு கட்டமும் 2.5. இப்போது இரு நெடுவரிசைகளும் 5. முதலாவதில் 2 மிகை, இரண்டாவதில் 2 குறை. திருத்தினால் இரு வரிசைகளிலும் 1.5, 3.5. நான்கு கூட்டுத்தொகைகளும் பொருந்துகின்றன. ஆனால் விடை தவறு!

மூலைவிட்டங்களையும் அளந்தால்? அவை 4, 6. மேலும் ஒரு திருத்தம்: 1, 4, 2, 3. சரியான விடை!

துல்லியம் எப்படிக் கூடும்?

நுண்ணோக்கியில் எல்லாக் கோணங்களும் கிடைப்பதில்லை. 60 பாகை சாய்த்தாலே எலெக்ட்ரான் கடக்கும் தூரம் இரட்டிப்பாகிறது. பெரும்பாலும் 60, 70 பாகையோடு நிறுத்திவிடுகிறார்கள். விடுபட்ட திசையில் உருவம் நீண்டு தெரியும்.

எனவே மூன்று செய்யலாம். முதலாவது, தங்கத் துகள்களை அடையாளமாக வைத்துப் படங்களைச் சரியாக ஒருங்கமைத்தல். இரண்டாவது, தெரிந்த உண்மையைச் சேர்த்தல். அடர்த்தி கழித்தல் எண்ணாக இருக்காது என்று சொன்னாலே, மூலைவிட்டம் இல்லாத நம் கணக்கில் முதல் கட்டம் 0க்கும் 3க்கும் இடையில் அடங்கிவிடும். மூன்றாவது, உரிய நேரத்தில் நிறுத்துதல்.

இந்த மூன்றாவதில்தான் நான் சறுக்கினேன். என் பயிற்சிக் கணக்கில் பிழை குறையக் குறைய மகிழ்ந்து, நூற்றுக்கணக்கான சுற்றுகள் ஓட்டினேன். படமோ புள்ளி புள்ளியாகிக் கெட்டது. அளவீட்டிலிருந்த இரைச்சலையும் கணினி உருவமென்று எண்ணிப் பொருத்திவிட்டது.

தம்பி தங்கைகளே, கட்டத்தாளில் நீங்களும் போட்டுப் பாருங்கள். அளவுகளோடு பொருந்திய விடை கிடைத்ததும் எழுந்துவிடாதீர்கள். இன்னும் பார்க்காத கோணம் எது என்று கேளுங்கள்.