டேப் சுற்றி நிறுத்த முடியாது, தம்பி

அம்பாசடர் உற்பத்தி 2014-லேயே நின்றுபோனாலும் ஆசைக்கு வைத்து ஓட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் நாலு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் லைன்தான். ஒரு மூட்டு விட்டால் நாலும் போச்சு. அய்யலூர் பட்டறைகளில் புதிதாய் ஸ்பேனர் பிடிக்கும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்.

1. சொட்டுகிற இடத்தை நம்பாதே. ஆயில் பைப்போடு வழிந்து வேறெங்கோ சொட்டும். மூட்டுகளைத் துடைத்துவிட்டு, ஒருவரைப் பெடலை மிதித்துப் பிடிக்கச் சொல். ஒவ்வொரு நட்டிலும் காகிதத்தை ஒற்றிப் பார். டிரம் உள்ளே நனைந்திருந்தால் வீல் சிலிண்டர் ரப்பர் போயிருக்கும், பைப் மேல் பழி போடாதே.

2. டெஃப்லான் டேப், எம்-சீல் இரண்டையும் தொடாதே. தண்ணீர்க் குழாயில் அடைப்பு மரையில் இருக்கிறது. இங்கே மரை இறுக்கிப் பிடிக்க மட்டும்தான். அடைப்பது பைப்பின் விரிந்த வாய்; அது எதிரே இருக்கும் கூம்பில் ஒட்டி உட்கார வேண்டும். உட்காரவில்லை என்றால் எத்தனை சுற்றுச் சுற்றினாலும் வீண். டேப் துணுக்கு பிய்ந்து மாஸ்டர் சிலிண்டர் துவாரத்தில் சிக்கினால் மிதித்த பிரேக் விடாமல் பிடித்துக்கொள்ளும்.

3. லேசாகக் கசிந்தால் நட்டைச் சற்றுத் தளர்த்தி மறுபடி இறுக்கு. இரண்டு மூன்று முறையில் வாய் பதிந்துவிடும். பதியவில்லையா, பலம் காட்டாதே, வாய் வெடிக்கும். சாதாரண ஓபன் ஸ்பேனர் நட்டின் மூலையை மழுக்கிவிடும், பிளேர் நட் ஸ்பேனர் வாங்கு. நட்டோடு பைப்பும் சேர்ந்து திரும்பினால் கையை எடு.

4. புதுப் பைப் என்றால் பிரேக்குக்கென்று விற்கும் 3/16 அங்குல இரும்புப் பைப். மலிவு என்று ஏசிக்காரர்களின் செம்புப் பைப்பைப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்; அதிர்ந்து அதிர்ந்து இறுகி ஒரு நாள் ஒடியும். கட்டரால் வெட்டி, உள்வாய்ப் பிசிறை எடுத்து, நட்டைக் கோர்த்த பிறகு வாயை விரி. இரட்டை மடிப்பா, குமிழ் வாயா என்பதைக் கழற்றிய பைப்பைப் பார்த்து முடிவு செய். ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காராது.

5. ஹோஸ் மூட்டுச் செம்பு வாஷர் ஒரு முறைக்குத்தான். புதிது கிடைக்காத ஊரில் மாட்டிக்கொண்டால் பழையதைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடு, இளகிவிடும். (எஃகை அப்படிச் செய்தால் விறைக்கும், செம்பு நேர்மாறு.)

6. திறந்து கிடந்த டப்பா ஆயில் வேண்டாம். டாட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் குடித்தால் 140-லேயே கொதிக்கலாம். சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது அந்த வித்தியாசம் காலுக்குத் தெரியும். பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்று.

7. ஏர் எடுப்பதை மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான இடது பின்சக்கரத்தில் தொடங்கு. டப்பா வற்ற விடாதே. முதல் ஓட்டம் வடமதுரை வரை மெதுவாகப் போதும். வியாழக்கிழமை காலையில் மட்டும் வேண்டாம், ஆட்டுச்சந்தைக் கூட்டம். திரும்பி வந்ததும் கீழே படுத்து எல்லா நட்டையும் மறுபடி காகிதத்தால் ஒற்றிப் பார்.