தொழில்முறைக் குத்துச்சண்டையில் இறங்கும் தம்பிக்கு



பதக்கத்துக்காகச் சண்டையிட்ட காலம் முடிந்தது, இனிப் பணத்துக்காக மேடையேறப் போகிறேன் என்று நீ எழுதிய கடிதம் கிடைத்தது. காசுக்காக அடிபடுவது மானமுள்ளவன் செய்யும் காரியமா என்று வீட்டார் கேட்கிறார்களாம். சரீரத்தைத் தேய்த்து ஜீவிக்காத தொழிலாளி எங்கே இருக்கிறான்? அந்தக் கேள்வியை விட்டுவிடு. சீட்டு வாங்கி உட்கார்ந்திருக்கும் ஜனங்கள் உன்னிடம் எதை விலைக்கு வாங்குகிறார்கள் என்பதே நீ யோசிக்க வேண்டிய விஷயம்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். 1936-இல் நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியத்தில் அமெரிக்கக் கறுப்பரான ஜோ லூயிஸை 12-ஆம் சுற்றில் வீழ்த்திய ஜெர்மானியன் மாக்ஸ் ஷ்மெலிங்கின் வெற்றியை ஹிட்லரின் ஆட்சி தன் இனத்தின் வெற்றியாகவே கொண்டாடிற்று. 1938 ஜூன் 22 அன்று அதே அரங்கில் இருவரும் மறுபடி சந்தித்தபோது, தென் மாநிலங்களில் கறுப்பருக்குச் சம ஆசனம் தராத அமெரிக்கா, அந்த ஓரிரவுக்கு லூயிஸைத் தன் புத்திரனாகத் தத்தெடுத்துக்கொண்டது. சுமார் 70,000 பேர் பார்த்திருக்க, 124 விநாடிகளில் லூயிஸ் சண்டையை வென்று முடித்தார். ஜனங்களின் துவேஷம் தீர்ந்தது. ஆனால் அந்தத் துவேஷம் மேடையில் நின்ற இருவருடையது அல்ல. ஷ்மெலிங் நாஜிக் கட்சியில் சேராதவன். யூதரான தன் மேலாளரைக் கைவிட மறுத்தவன். அவ்வருஷம் நவம்பரில் யூதர்கள் வேட்டையாடப்பட்ட நாட்களில் இரண்டு யூதச் சிறுவர்களைத் தன் அறையில் ஒளித்துக் காத்தவன்.

லூயிஸின் கதையிலும் ஒன்று கவனி. 1910-இல் ரீனோ நகரில் ஜாக் ஜான்சன் என்ற கறுப்பர் வெள்ளையரான ஜெஃப்ரிஸை வென்றதும் பல ஊர்களில் கலகம் மூண்டு கறுப்பர்கள் கொல்லப்பட்டார்கள். அதை மறவாத லூயிஸின் மேலாளர்கள், விழுந்துகிடக்கும் வெள்ளையன்முன் மகிழ்ச்சியைக் காட்டாதே என்று அவருக்குக் கட்டளையிட்டிருந்தார்கள். இதைச் சிலர் அடக்கம் என்று புகழ்ந்தார்கள். எனக்கோ வென்றவன்மீது விதிக்கப்பட்ட அபராதமாகவே படுகிறது.

1942-இல் இரண்டு சண்டைகளின் வருமானத்தைக் கடற்படை, ராணுவ நிவாரண நிதிகளுக்கு வழங்கிய அந்த மனிதரையே பின்னர் வருமான வரிப் பாக்கி துரத்திற்று. கடனுக்காக மேடைக்குத் திரும்பியவரை, 37 வயதில், 1951 அக்டோபரில் ராக்கி மார்சியானோ எட்டாவது சுற்றில் வீழ்த்தினார். முடிவில் லாஸ் வேகஸ் சூதாட்ட விடுதியொன்றில் விருந்தினரை வரவேற்கும் உத்தியோகம் கிடைத்தது. அக்காலத்தில் அவருக்குப் பண உதவி செய்தவர்களில் ஷ்மெலிங்கும் ஒருவர். 1981-இல் லூயிஸ் இறந்தபோது அடக்கச் செலவிலும் பங்கேற்றார். ஆரவாரித்த கூட்டம் என்றைக்கோ கலைந்துவிட்டிருந்தது.

ஆகவே, உன் சாதியையோ மதத்தையோ தேசத்தையோ உன் முஷ்டியில் கட்டிவிட்டு விளம்பரம் செய்ய வருகிறவனிடம் ஜாக்கிரதையாக இரு. சீட்டு அதிகம் விற்கும் என்பது மெய்தான். அந்த லாபத்தில் உனக்குக் கிடைப்பது சொற்பம். எதிரே நிற்பவன் உன் தொழிலைச் செய்கிறவன், உன்னைப் போலவே கூலிக்கு வந்தவன் என்று எண்ணி, வித்தையில் மட்டும் இரக்கமற்றிரு. மேடை மூலையில் துண்டை வீசிச் சண்டையை நிறுத்தும் உரிமையை, உன் அடுத்த சண்டையில் பங்குள்ளவனிடம் ஒப்படைக்காதே.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் நகலொன்றை எனக்கு அனுப்பிவை. காயம் பட்டால் வைத்தியச் செலவு யாருடையது என்ற ஷரத்தைத்தான் முதலில் பார்க்கப் போகிறேன்.